ஓலையும் கொள்கலனும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை இருக்கின்றது. அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இந்தக் குகைகளிலேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் பிக்குகளைக் கொண்டுபோனால், அவர்கள் மனனம் செய்து வைத்திருந்ததும் கூடவே போய்விடும் என்ற அச்சமே அவர்களை எழுத வைத்தது.

நான் மாதவாடகைக்கு ஒரு வழங்கியை எடுத்து, என்னுடையதும் பத்திரிகை நண்பர்கள் மூவருடையதுமாக நான்கு வலைப்பதிவுகளை டொக்கர் கொள்கலன்களில் நடத்தி வருகின்றேன். "இலவசமாக இடம் தருபவர்கள் இருக்க, கலைப்பீடத்திலே படித்த உமக்கு ஏன் ஐயா இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு அலுவிகாரையைத்தான் பதிலாகச் சொல்வது வழக்கம். அந்தப் பதில் பாதிதான் சரி என்பதை எனது முட்டாள்தனம் ஒன்றின் மூலமே அறிந்துகொண்டேன்.

முதலில் சரியான பாதியைச் சொல்லிவிடுகின்றேன். இலவச இடம் என்பது பிறருடைய திண்ணை. யாஹூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, உலகெங்கும் மக்கள் தம் கையால் கட்டிய எண்ணற்ற பக்கங்கள் இல்லாமற் போயின. எனக்கும் அப்படியொன்று நேர்ந்தது. நான் எழுதிவந்த இலவசத் தளம், கடையைக் கட்டப்போவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நான் கைவிட்டிருந்த பழைய முகவரிக்கு. இரண்டு வருட எழுத்து போயிற்று. பத்திரிகையில் வெளிவந்திருந்தால் எங்காவது ஓர் ஆவணக் காப்பகத்தில் தூசு படிந்தாவது கிடந்திருக்கும்.

கொள்கலன் என்றதும் கொழும்புத் துறைமுகம் நினைவுக்கு வரும். வரட்டும், உவமை பிழையல்ல. 1956இல் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 உலோகப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் இருப்பது தேயிலையா, தையல் இயந்திரமா என்பதைப் பாரந்தூக்கி அறியவேண்டிய தேவை அன்றோடு ஒழியத் தொடங்கியது. 2013இல் வெளியான டொக்கர் மென்பொருளுக்குச் செய்ததும் இதுவே. வேர்ட்பிரஸ், அதற்கு வேண்டிய பிஎச்பியோடு ஒரு பெட்டியில். தரவுத்தளம் இன்னொரு பெட்டியில். வருவோரை உரிய வலைப்பதிவுக்கு வழிகாட்டும் என்ஜின்எக்ஸ் வாசலில். எல்லாம் ஒரே லினக்ஸ் கருவின் மேல் ஓடினாலும் ஒன்றின் கோப்புகள் மற்றொன்றுக்குத் தெரியாது. நண்பர் ஒருவரின் பதிவுக்குப் பழைய பிஎச்பியும் எனது பதிவுக்குப் புதியதும் தேவைப்பட்ட காலத்தில், இரண்டையும் ஒரே வழங்கியில் குடிவைக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. இப்போது அவரவருக்கு அவரவர் பெட்டி. (நண்பர் இன்னமும் பழைய பதிப்பை விடமாட்டேன் என்கிறார். திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

இதன் பயன் 2022இல் விளங்கியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வழங்கியின் வாடகையோ டொலரில். வீட்டிலேயே ஒரு பழைய கணினியை வைத்துக்கொள்ளலாம் என்றால், மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஆகவே குறைந்த வாடகைக்கு வேறோரிடம் பார்த்தேன். எந்தப் பெட்டி, எந்தப் பதிப்பு, எதனோடு எது பேசவேண்டும் என்பதெல்லாம் ஒரே பக்கக் கோப்பில் எழுதியிருந்தபடியால், நான்கு வலைப்பதிவுகளும் ஒரு பிற்பகலில் இடம்மாறிவிட்டன. அன்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கர்வத்தின் விலையைச் சில மாதங்களில் கொடுத்தேன். ஏதோ சிறு கோளாறு; கொள்கலன்களை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கினால் தீரும். செய்யவேண்டியது அதுதான். ஆனால் இணையத்தில் எங்கோ கண்ட கட்டளையை அப்படியே பெயர்த்தெழுதினேன். அதன் வாலில் ஒட்டியிருந்த ஒற்றை எழுத்து, கொள்கலன்களோடு அவற்றின் வொலியூம்களையும், அதாவது தரவுகளை வைத்திருக்கும் சேமிப்பிடத்தையும், சேர்த்து அழிக்கச் சொல்வது. மூன்று நொடி. நான்கு வலைப்பதிவுகளும் 'உங்கள் தளத்துக்கு ஒரு பெயர் சூட்டுங்கள்' என்று புதுக் குழந்தைபோல் என்னைப் பார்த்தன. கையிலிருந்த பிரதி நாலு மாதத்துக்கு முந்தியது. நண்பர் ஒருவர் அந்த நாலு மாதத்தில், காலஞ்சென்ற தம் ஆசிரியரைப் பற்றி ஒரு தொடர் எழுதி முடித்திருந்தார். அவரிடம் கைப்பிரதி இல்லை. என்னை நம்பி நேரடியாகத் தளத்திலேயே எழுதியிருந்தார்.

சொந்த வழங்கியையும் கொள்கலனையும் போற்றுபவர்கள் இதைப் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை என்பதே எனது குறை. கொள்கலன் எறிந்துவிட்டு வேறொன்று செய்வதற்கென்றே உண்டானது. அதன் பலமே அதுதான். வேர்ட்பிரஸும் தரவுத்தள மென்பொருளும் உலகில் எங்கிருந்தும் மீண்டும் கிடைக்கும். நண்பரின் தொடர் எங்கும் கிடைக்காது. இடம்மாறும் வசதியை நான் பாதுகாப்பு என்று எண்ணிவிட்டேன்.

இப்போது தரவுகள் கொள்கலனுக்கு வெளியே, வழங்கியின் சாதாரணக் கோப்புறையில் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே பிரதியெடுத்தால் அரைகுறையாக வரலாம். ஆகையால் இரவுதோறும் அதனை வெற்றுரையாக ஏற்றுமதி செய்து, ஒன்றை வேறொரு நாட்டிலுள்ள சேமிப்பகத்துக்கும் ஒன்றை என் வீட்டுக்கும் அனுப்புகின்றேன். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு வலைப்பதிவை உயிர்ப்பித்தும் பார்க்கின்றேன். பார்க்காத பிரதி இருப்பதும் இல்லாததும் ஒன்று.

அலுவிகாரைப் பதிலின் மற்றப் பாதி இதுதான். இங்கிருந்த சுவடி நூலகம் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, அதற்குள் அது இலங்கையின் வேறு விகாரைகளிலும் பர்மாவிலும் சீயத்திலும் படியெடுக்கப்பட்டிருந்தது. இதே ஏ-9 வீதி போய் முடியும் யாழ்ப்பாணத்தில், 1981 ஜூன் முதலாம் திகதி எரிந்த பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அச்சுநூல்களில் பலவற்றை வேறிடங்களில் தேடிப் பெற முடிந்தது. வேறு படியில்லாத சுவடிகளை யாரிடம் போய்க் கேட்பது? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்னூலாக்கி வைப்பதன் அருமை எனக்கு முழுமையாக உறைத்தது என் நண்பரின் தொடரைத் தொலைத்த பிறகுதான்.

இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வீட்டு அலுமாரியில் ஒரு பெட்டி நிறைய சீடீக்கள் கிடக்கின்றன. எல்லாம் பத்திரிகைக்காகப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரைகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவருகின்றேன். இதுவரை பதினொரு சீடீ முடிந்திருக்கிறது. இரண்டு வாசிக்க மறுத்துவிட்டன.