எண்ணிக்கையில் வராத சிறுமியர்!

இலங்கையில் குழந்தைத் தொழிலாளர் தொகை சுருங்கிவிட்டதெனப் பெருமை பேசுவோர் உளர். புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டில் நடத்திய கணிப்பை அவர்கள் சான்று காட்டுகின்றனர். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 43,714 பேர், குழந்தைத் தொழிலாளர் என்றும், அவர்களுள் ஆண்பிள்ளைகளே அதிகம் என்றும் அக்கணிப்புக் கூறுகிறது. இதனைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. பாதிக் கணக்கு என்றே சொல்கிறோம். மறுபாதி ஊவா மாகாணத்துத் தோட்ட லயங்களில் அடுப்பூதிக்கொண்டிருக்கிறது.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, அப்புத்தளை, பூனாகலை எங்கணும் இதே கதைதான். பள்ளியை விட்டு விலகிய ஆண்பிள்ளை பண்டாரவளைக் கடைக்கோ கொழும்புச் சாப்பாட்டுக் கடைக்கோ போகிறான். அவன் நிலை கொடிதே. எனினும் அவன் கண்ணுக்குத் தெரிகிறான். அவனுக்கொரு முதலாளி உண்டு. ஆகவே சட்டத்துக்குப் பிடிக்க ஒரு கையும் உண்டு. அவன் தமக்கை எங்கே போகிறாள்? எங்கும் போவதில்லை. தாய் விடியற்காலையில் கூடையுடன் மலை ஏறுகிறாள். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் இல்லை. கைக்குழந்தையைப் பார்ப்பதும், பீலியில் தண்ணீர் பிடிப்பதும், விறகு பொறுக்குவதும், சோறாக்குவதும் மூத்த மகளின் தலையில் விழுகின்றன. இன்று ஒருநாள், நாளை இரண்டு நாள் என்று தொடங்கி, ஒரு தவணையில் அவள் பெயர் வரவுப்பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது.

தாய்க்கு முழுப்பேர் போடப்படும் நாளில் அதன் ஒரு பங்கு மகளின் உழைப்பு அன்றோ? அப்பங்குக்குச் சம்பளம் இல்லை. கணக்கில் இடமும் இல்லை. 'வீட்டு வேலைதானே' என்ற இரண்டு சொற்களில் ஒரு பெண்ணின் படிப்பைப் புதைத்துவிடுகிறோம்.

இது நமது கற்பனையன்று. சர்வதேசத் தொழில் தாபனமும் யுனிசெப்பும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020இல் உலகில் 16 கோடிக் குழந்தைத் தொழிலாளர் இருந்தனர். அவர்களுள் ஆண்பிள்ளைகள் 9 கோடியே 70 இலட்சம், பெண்பிள்ளைகள் 6 கோடியே 30 இலட்சம். ஆனால் வாரத்துக்கு 21 மணிக்கும் மேற்பட்ட வீட்டுவேலையையும் சேர்த்தெண்ணினால், 5 முதல் 14 வயது வரையுள்ள ஆண், பெண் பிள்ளைகளுக்கிடையிலான வேறுபாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. உழைப்பு குறைந்ததனால் அன்று, எண்ணுவோர் பார்வை குறைந்ததனாலேயே சிறுமியர் மறைந்தனர்!

இப்பார்வைக் குறைவு நேற்று வந்ததன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தோட்டத்தில் ஆண், பெண், பிள்ளை என மூவகைச் சம்பளம் வகுத்தது. பிள்ளையின் கூலியைச் சட்டமே எழுதிவைத்த நாடு இது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியிலேதான். இடையே 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்கற்ற தந்தையின் மகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்பார் யார்? தாய்க்குச் சமசம்பளமே 1984இல்தான் கிடைத்தது.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லவியலாது. 1956இன் சட்டத்தில் 14ஆக இருந்த வேலைக்கான குறைந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. கட்டாயக் கல்வி வயதும் 2016இல் 16க்கு உயர்ந்தது. இவை நல்லவையே. ஆயினும் வேலைக்கு அமர்த்துவோனைத் தேடும் சட்டம் லயத்துக்குள் யாரைத் தேடும்? தாயையா? கூடை சுமப்பவளைக் குற்றவாளியாக்கும் நியாயத்தை நாம் ஏற்கோம். 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் கம்பெனிகளே முதலில் பதில் கூறட்டும்.

அடுத்துப் பதில் கூறவேண்டியோர் நாமே. 2021 ஜூலையில், மலையகச் சிறுமி ஒருத்தி கொழும்பில் அரசியல்வாதி ஒருவர் வீட்டில் வேலை செய்கையில் தீக்காயமுற்று இறந்தாள். அன்று நாடு கொதித்தது. கொதித்தவர்களுள் எத்தனை பேர் தத்தம் சமையலறையைத் திரும்பிப் பார்த்தனர்? நீதிமன்றில் உரிமை பேசும் வழக்கறிஞரே, பிறர் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரே, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவது யார் பிள்ளை? கிழங்கு பிடுங்கும் நாளில் பள்ளிச் சிறுவனைக் கூலிக்கு அழைக்கும் கமக்காரரே, வீடு பார்க்க மகளை மறிப்பவரே, மறித்த நாளை மீட்டுக் கொடுப்பீரோ?

நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு பிரிவிலும் பிள்ளைக் காம்பரா, கடைசித் தாய் மலையிலிருந்து இறங்கும்வரை திறந்திருத்தல் வேண்டும். லயத்தின் வாயிலுக்குக் குழாய்த் தண்ணீர் வரவேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து வராத பெண்பிள்ளையைத் தேடிப் பாடசாலை அதிகாரி வீட்டுக்குச் செல்லவேண்டும். அடுத்த கணிப்பில் வீட்டுவேலை மணிகளையும் சேர்த்து, தோட்டப் பகுதிக்குத் தனிக்கணக்கு வெளியிடவேண்டும்.

இவற்றுள் எதுவும் ஆகாத காரியமன்று. பாராளுமன்றத்தில் நம் வாக்குப் பெற்று அமர்ந்திருப்போர் இந்நான்கினையும் எழுப்பட்டும். எழுப்பாதோரை, வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வரும் நாளில், அந்த அடுப்படிச் சிறுமியின் முன் நிறுத்திக் கேள்வி கேட்போம்!