உழைச்சதும் நாம, கூலி குடுக்கிறதும் நாமளா?

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு கூப்பிடு தூரம். அங்கே என் பெரியப்பா வீட்டில், கட்டிலுக்கு அடியில், நாற்பது புத்தகம் சாக்கில் கட்டிக் கிடக்கிறது. அவர் எழுதிய புத்தகம். கல்லுடைத்த கதை, கண்மாயில் தண்ணி மறித்த கதை, செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சொல்லி அடி வாங்கின கதை. அதை அச்சில் பார்க்க அவர் கொடுத்தது ரூ. 65,000. பெரியம்மாவின் சங்கிலியும் தோடும் அடகுக்குப் போனது. இன்னும் திரும்பவில்லை.

பெரியப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டம் பூராவும் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் பழகினதும் எழுத்துக் கூட்டினதும் அப்போதுதான். பெரியப்பாவும் ராத்திரியில் அரிக்கேன் விளக்கு முன்னால் உட்கார்ந்து 'அ' போட்டார். முப்பது வருசம் கழித்து அந்தக் கை மூன்று நோட்டு நிறைய எழுதியது. இது சின்ன விசயமா?

அந்த நோட்டை மோப்பம் பிடித்து வந்தது ஒரு 'பதிப்பகம்'. பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். போனில் பேசியவனுக்கு அவ்வளவு மரியாதை. "ஐயா, உங்க எழுத்து தமிழுக்கே புதுசு. இது வெளிய வந்தே ஆகணும். ஒரு சின்னப் பங்களிப்பு மட்டும் நீங்க செஞ்சாப் போதும்." எழுபது வயசு மனுசனை இந்த ஊரில் எத்தனை பேர் 'ஐயா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்? அந்த ஒரு சொல்லுக்குத்தான் சங்கிலி போனது.

300 பிரதி என்றான். வந்தது ஐம்பது. மிச்சம் 'கடைகளுக்குப் போயிருக்கு' என்றான். எந்தக் கடைக்கு என்று கேட்டால் போனை எடுக்கவில்லை. அதைவிடக் கொடுமை உள்ளே இருந்தது. நோட்டில் 'எங்காத்தா' என்று இருந்தது, அச்சில் 'எனது அன்னை' ஆகியிருந்தது. 'மாட்டுக்கறி' இருந்த இடத்தில் 'அசைவ உணவு'. காசையும் வாங்கிக்கொண்டு நாக்கையும் அறுத்திருக்கிறான்.

"கையெழுத்து வாங்கினானே, அதுல என்ன எழுதியிருந்துச்சு பெரியப்பா?"

"எனக்கென்னடா தெரியும். புத்தகம் வருதுன்னான், போட்டேன்."

வாங்கிப் படித்தேன். எல்லா உரிமையும் எல்லாக் காலத்துக்கும் பதிப்பகத்துக்கே என்று இருந்தது. பண்ணையில் உழைத்தபோது கூலியைக் குறைத்தான். இங்கே உழைப்பு நம்முடையது, முதல் நம்முடையது, நட்டமும் நம்முடையது. பட்டா மட்டும் அவன் பேரில்.

சரியாகச் சொல்லுவோம். பதிப்பாளன் என்பவன் யார்? தன் காசைப் போட்டு அச்சடித்து, வாசகனிடம் விற்று அந்தக் காசை எடுக்கிறவன். விற்காவிட்டால் அவனுக்கு நட்டம். அதனால் மெய்ப்புப் பார்ப்பான், கடைகடையாக அலைவான், விற்றதில் எழுதியவனுக்கு ராயல்டி கொடுப்பான் (கொடுக்காமல் இழுத்தடிப்பவனும் உண்டு, அது வேறு சண்டை). காசு வாங்கிப் புத்தகம் போடுகிறவனுக்கு வாசகன் எதற்கு? அவன் லாபம் முதல் நாளே உன் மடியிலிருந்து போய்விட்டது. புத்தகம் விற்றால் என்ன, கரையான் அரித்தால் என்ன? அவன் விற்பது புத்தகத்தை அல்ல. 'நீயும் எழுத்தாளன்' என்ற பட்டத்தை உன்னிடமே விற்கிறான்.

"அப்ப சொந்தக் காசுல புத்தகம் போடுறதே தப்பா?" என்று கேட்பார்கள். இல்லை. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் அவன் பிழைப்பே நடக்கிறது. நம் எழுத்தின் வரலாறே சொந்தக் காசில் அச்சடித்த வரலாறுதான். 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் எவன் வாசலிலும் போய் நிற்கவில்லை. கொஞ்ச வருசத்தில் சொந்த அச்சுக்கூடமே வைத்தார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழ'னை நடத்தினார். விலையே பெயரில் இருந்தது, கூலிக்காரனும் வாங்கட்டும் என்று.

1936 மாநாட்டின் தலைமையுரைக்கு லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையைப் பார்த்ததும் பயந்து, சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்றது. அந்த உரையைத் தன் செலவில் 1500 பிரதி அச்சடித்தார் அம்பேத்கர். இரண்டு மாதத்திற்குள் தீர்ந்துபோனது. பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அதுதான் 'சாதி ஒழிப்பு'. செலவு அவருடையது, சொல் அவருடையது, உரிமையும் அவருடையது. இதற்குப் பெயர் சொந்தப் பதிப்பு. காசைக் கொடுத்துவிட்டுச் சொல்லையும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதற்குப் பெயர் ஏமாளித்தனம்.

அந்த அம்பேத்கருக்கே 1956-ல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை அச்சிடச் சுமார் ரூ. 20,000 ஆகும் என்ற நிலை. அரசு 500 பிரதி வாங்க வேண்டும் என்று செப்டம்பரில் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அரசு வாங்கவில்லை. டிசம்பர் 6-ல் அவர் போய்விட்டார். புத்தகம் 1957-ல்தான் வந்தது. அச்சுக் காசுக்குத் திண்டாடுவது நமக்கு அவமானம் இல்லை. அந்தத் திண்டாட்டத்தைக் கண்ணி வைத்துப் பிடிக்கிறவனுக்குத்தான் அவமானம்.

"பெரிய பதிப்பகம் நம்மளச் சேக்காதே, வேற வழி?" என்பது அடுத்த கேள்வி. சேர்க்காத காலம் இருந்தது. இன்னும் பலதின் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. ஆனால் பாமாவின் 'கருக்கு' 1992-ல் மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது, பெரிய வியாபாரப் பதிப்பகத்தில் இல்லை. 2000-த்தில் அது ஆங்கிலத்துக்கும் போனது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் க்ரியாவில் வந்தது. அயோத்திதாசரின் எழுத்துகளைத் தொகுத்து 1999-ல் வெளியிட்டது பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் நாட்டார் வழக்காற்றியல் மையம். வழி ஒன்று மட்டும் இல்லை. காத்திருப்பதற்குத்தான் நமக்கு விடமாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோபம் வரும், வரட்டும். 'இயக்கம்', 'நம்ம பதிப்பகம்' என்று சொல்லிக்கொண்டு நம்மவர்களே இதைச் செய்கிறார்கள். அட்டையில் நீலம் பூசி, பின்னட்டையில் அண்ணல் படம் போட்டு, கணக்குக் கேட்டால் 'தோழர், நமக்குள்ள என்ன' என்கிறார்கள். நமக்குள்ளதான் கணக்கு வேண்டும். கணக்குக் கேட்காதே என்றுதான் ஆண்டையும் சொன்னான்.

ஆகவே எழுதுகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சில விசயம். காசு கேட்டாலே 'எதுக்கு?' என்று கேள். அச்சுக்கூலி என்றால் எத்தனை பாரம், என்ன தாள், எத்தனை பிரதி என்று பில் கேள். அதே கணக்கைப் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் இரண்டு அச்சகத்தில் விசாரி. 'ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர்றோம்' என்று அதற்கொரு தொகை சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வா. இந்தியாவில் அந்த எண்ணை அரசே இலவசமாகத் தருகிறது, உன் பெயரிலேயே வாங்கலாம். 'காப்பிரைட் பதிவு செஞ்சாத்தான் உரிமை' என்பதும் பொய். 1957-ஆம் வருசச் சட்டப்படி எழுதினவுடனே உரிமை உன்னுடையது, உனக்குப் பின்னாலும் 60 வருசம் உன் பிள்ளைகளுடையது. நீ கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுத்தால் ஒழிய எவனுக்கும் போகாது. கொடுப்பதாக இருந்தால் எத்தனை வருசத்துக்கு, எவ்வளவு ராயல்டி என்று எழுத வை. வருசம் குறிக்காவிட்டால் ஐந்து வருசம்தான் என்கிறது சட்டம். 'எல்லாக் காலத்துக்கும்' என்ற வார்த்தையைப் பார்த்தால் பேனாவை மூடு. நூலக ஆணை கிடைத்தால் பணம் பதிப்பகத்தின் பேரில்தான் வரும். அதில் உன் பங்கு என்ன என்று முதலிலேயே எழுது. உன் மெய்ப்பைப் பார்க்காமல் அச்சுக்கு விடாதே.

முதலில் சிறுபத்திரிகையில் ஒரு அத்தியாயம் வரட்டும். நாலு பேர் படித்துத் திட்டட்டும். ஆதிதிராவிடர் நலத்துறையும் தமிழ் வளர்ச்சித் துறையும் நூல் வெளியிட உதவித்தொகை தருகின்றன, விண்ணப்பம் போடு. ஒன்றும் நடக்காவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து நூறு பிரதி போடுங்கள். இப்போது நூறு பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். ஏப்ரல் 14 கூட்டத்தில் துண்டை விரித்துப் போட்டு விற்கலாம். விற்ற காசு கையில் இருக்கும். யார் வாங்கினார்கள் என்று முகம் தெரியும்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், எங்கள் அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் எங்கள் சனங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போட்ட குற்றப்பத்திரிகை, அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவின் ஆட்கள் மூன்று பேரையே குற்றவாளி என்றது. அந்த மக்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நம் கதையை எவன் காகிதத்தில் எவன் எழுதுகிறான் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. அதை நாமே எழுதவந்த நேரத்தில், எழுதின காகிதத்தையும் காசு கொடுத்து இன்னொருத்தன் பெட்டியில் போட்டுவிட்டு வருவதா?

பதிப்பகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் இல்லை. மூன்று நோட்டும் பத்திரமாக இருக்கிறது. பெரியப்பா சும்மா உட்காரவில்லை. சாக்கைப் பிரித்து, ஒவ்வொரு பிரதியிலும் 'எனது அன்னை'யைப் பேனாவால் அடித்துவிட்டு 'எங்காத்தா' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு பிரதி முடிந்தது. வேண்டுமென்றால் இலுப்பூர் வந்து காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓசியில் கேட்காதீர்கள்.