பழைய பிஎல்சியும் உப்புக்காற்றும்: ஆலைப் பராமரிப்பாளர்களின் நிலைப்பாடு

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் குவித்து வைத்த உப்பு தானாகவே கசியத் தொடங்கும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே உப்பு கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கன்ட்ரோல் ரூம் பேனலுக்குள்ளும் போய்ப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரம் குடிக்கும். மின்னணுக் கார்டின் மேலுள்ள செம்புத் தடங்களுக்கு இடையே மின்சாரம் மெல்லக் கசியும். வெயில் ஏறியதும் எல்லாம் காய்ந்துவிடும். விடியற்காலையில் டிரிப் ஆன பம்பு மத்தியானம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். பழுது பார்க்க வந்தவர் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் நிற்பார்.

இந்த ஊர் ஆலைகளில் கருவியியல், மின் பராமரிப்பு வேலை செய்வோர் சேர்ந்த சங்கம் இப்போது வாய் திறக்கக் காரணம், அந்தப் பேனல்களின் வயது. துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பிக் உர ஆலை எழுபதுகளின் நடுவில் ஓடத் தொடங்கியது. அனல் மின் நிலையத்தின் ஐந்து 210 மெகாவாட் யூனிட்களில் முதலாவது 1979-இல் உற்பத்திக்கு வந்தது. சாகுபுரத்து ரசாயன ஆலை இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. இவ்வளவு வயதான ஆலைகளில் கட்டுப்பாட்டு அமைப்பை ஒரே நாளில் மொத்தமாக மாற்றுவது நடக்காத காரியம். ஒரு ஷட்டவுனில் கொதிகலன் பக்கம், இன்னொன்றில் கன்வேயர் பக்கம் என்று துண்டு துண்டாகத்தான் மாற்ற முடியும். அதனால் ரிலே பேனலும், எண்பதுகளின் பிஎல்சி என்ற புரோகிராம் செய்யும் கட்டுப்பாட்டுக் கருவியும், நேற்று வந்த டிசிஎஸ் என்ற கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒரே மதிலுக்குள் சேர்ந்து வேலை செய்யும் நிலை வருகிறது.

சங்கத்தின் நிலைப்பாடு இது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக, ஒழுங்காக ஓடும் அமைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அதைத் தாங்கும் உதிரிப்பாகம், புரோகிராம் நகல், வரைபடம், விவரம் தெரிந்த ஆள் ஆகிய நான்கும் கையில் உள்ளனவா என்பதை ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் எழுத்தில் காட்ட வேண்டும். காட்ட முடியாத அமைப்பை மாற்றுவதற்கு அடுத்த ஷட்டவுனுக்கே பணம் ஒதுக்க வேண்டும். "இன்னும் ஓடுகிறதே" என்பதை ஒரு பதிலாகச் சங்கம் ஏற்காது.

சிக்கலின் வேர் ஆயுள் வித்தியாசம். கொதிகலனும் டர்பைனும் நாற்பது ஆண்டு உழைக்கும். அவற்றை ஆட்டுவிக்கும் மின்னணுக் கார்டுக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு அவ்வளவு காலம் கிடைப்பது அரிது. 1979-இல் வந்த சீமன்ஸ் எஸ்5 வரிசை எப்போதோ விடைபெற்றுவிட்டது. 1986-இல் வந்த ஆலன்-பிராட்லி பிஎல்சி-5-இன் விற்பனை 2017-இல் நின்றது. ஆலைகளில் பரவலாகப் புழங்கும் எஸ்7-300-கூட 2023 அக்டோபரில் விற்பனை வரிசையிலிருந்து விலகிவிட்டது. இனி 2033 வரை உதிரிப்பாகமாக மட்டுமே கிடைக்கும். பணக்கார நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர்களைச் சோதிக்கும் கருவிகளுக்காக, நாசா 2002-இல் பழைய இன்டெல் 8086 சிப்களை இணையத்தில் தேடி வாங்கியது.

கார்டு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. பழைய பிஎல்சிகள் பலவற்றில் புரோகிராம் இருப்பது மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில். அதற்குக் காவல் ஒரு சிறிய லித்தியம் பேட்டரி. பேனலில் மின்சாரம் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும். ஷட்டவுனில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தீர்ந்துபோன பேட்டரியைக் கவனிக்காமல் விட்டால், திரும்பப் போடும்போது ரேக்கில் விளக்கு எரியும், உள்ளே லேடர் எனப்படும் புரோகிராம் இருக்காது. நகல் இருந்தாலும் அதை ஏற்ற வழி வேண்டும். எஸ்5-இன் மென்பொருள் டாஸ் காலத்தது. அதன் போர்ட் பேசுவது 20 மில்லியாம்பியர் கரண்ட் லூப்பில். இன்றைய லேப்டாப்பை நேரடியாகச் செருகினால் எதுவும் நடக்காது. ஆகவே நகலோடு அதை ஏற்றும் பழைய கணினியும், கேபிளும், கன்வர்ட்டரும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்கிறது சங்கம். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து, உபரிக் கார்டு ஒன்றில் புரோகிராமை ஏற்றிப் பார்க்கவும் வேண்டும்.

அடுத்தது, எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவிலும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும், மும்பை லேமிங்டன் ரோட்டிலும் நேர்மையாகத் தொழில் செய்யும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் பல ஆலைகள் என்றோ நின்றிருக்கும். அதே சமயம், மேல் எழுத்தைத் தேய்த்துப் புது எண் அச்சிட்ட போலி சிப்களும் உலகச் சந்தையில் சுற்றுகின்றன. அசலாக இருந்தாலும் இருபது ஆண்டு அலமாரியில் கிடந்த கார்டில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்கலாம். எனவே எந்த ஆலையிலிருந்து கழற்றியது, எப்போது, எந்தப் பதிப்பு என்ற விவரம் இல்லாமல் எந்தக் கார்டையும் வாங்கக் கூடாது. வாங்கியதைப் பேனலில் செருகும் முன் பெஞ்சில் சில நாட்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கொதிகலன் தீ அணைவு, டர்பைன் மிகைவேகம், அமோனியா அழுத்தம் போன்றவற்றுக்கான பாதுகாப்பு டிரிப் சுற்றுகளில் பூர்வீகம் தெரியாத கார்டு ஒன்றுகூட நுழையக் கூடாது. அதற்காக உற்பத்தி நின்றாலும் பரவாயில்லை. ஏனென்றால் அந்தக் கார்டு தவறும்போது பக்கத்தில் நிற்பவர் இந்தச் சங்கத்தின் உறுப்பினர்.

பொதுத்துறைக்கு இதில் கூடுதல் நெருக்கடி உண்டு. 1998-இல் வந்த தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம். ஆனால் பயன்படுத்திய கார்டை வாங்கும்போது குறைந்த விலை மட்டுமே அளவுகோலாக இருந்தால் ஆபத்து. பூர்வீகச் சான்றும் சோதனைச் சான்றும் தொழில்நுட்பத் தகுதியாக டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் வேளாண் கருவிகள், கைபேசி, வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளோடு நிற்கிறது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் அதில் சேர்க்க வேண்டும். ஒரு கார்டின் உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம் அதன் சுற்று வரைபடத்தையும் மென்பொருளையும் பழுதுபார்ப்போருக்குத் தர வேண்டும்.

பார்வையிடாமல் முத்துக்குளித்த வழக்கம் இந்தக் கடற்கரைக்கு இல்லை. கடலடியில் சிப்பி வளரும் முத்துப்பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதும் விளைச்சலும் கணக்கிட்ட பிறகுதான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். இந்தியக் கரையில் 1961-இல் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. பாரில் சிப்பி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். ஆலைகளின் ஸ்டோருக்கும் அந்தக் கணக்கெடுப்பு வேண்டும். ஓர் ஆலை கழற்றி ஸ்கிராப்புக்குப் போடும் கார்டு, சாலைக்கு அந்தப் பக்கத்து ஆலைக்கு ஆயுளாக இருக்கலாம். மாவட்டத்தின் ஆலைகள் சேர்ந்து ஒரே இருப்புப் பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். அதைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கச் சங்கம் தயாராக இருக்கிறது.

அடுத்த தேவை வரைபடம். 2025 மார்ச் 15 இரவு அனல் மின் நிலையத்தில் பற்றிய தீயில் கேபிள்கள் எரிந்தன. முதல் மூன்று யூனிட்களிலும் உற்பத்தி நின்றது. காரணத்தை ஆராய்வது இந்த அறிக்கையின் வேலை இல்லை. ஆனால் அப்படி ஒரு தீக்கு மறுநாள் காலையில், எந்த டெர்மினலிலிருந்து எந்த டெர்மினலுக்கு எந்தக் கேபிள் போனது என்ற வரைபடம்தான் முதலில் வேண்டும். அது எரிந்த இடத்திலேயே இருந்திருக்கக் கூடாது.

நான்காவது தேவையான விவரம் தெரிந்த ஆள்தான் எல்லாவற்றையும்விட வேகமாகக் குறைகிறார். நாட்டின் மின் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து கொடுத்த, 1964-இல் தொடங்கிய கோட்டா இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் ஆலையை மூட 2016-இல் முடிவானது. அங்கே அழைத்துக் கேட்க இனி யாரும் இல்லை. இந்த ஊரில் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட்டை ஓட்டத் தொடங்கியவர்கள் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. லேடரில் இந்த டைமருக்கு ஏன் எட்டு விநாடி, அந்த ரிலேவை ஏன் ஜம்பர் செய்தார்கள் என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவர்களை உரிய மதிப்பூதியத்துடன் அழைத்து, பேனல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ளும்படி ஒவ்வோர் ஆலை நிர்வாகத்தையும் சங்கம் கேட்டுக்கொள்கிறது. எழுதிக்கொள்ள இளைய உறுப்பினர்களைச் சங்கமே அனுப்பும்.