பொருளும் பெருந்தன்மையும்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு உவகையும் தருவது. அதனை ஊதியம் கருதாது ஆடுவோரும் உளர். அதனையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டுவோரும் உளர். முன்னவரை அமெச்சூர் என்றும், பின்னவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்றும் உலகம் வழங்கும். பொருளுக்காக ஆடுவோரிடத்து வெற்றி வேட்கை மிகும் என்றும், வேட்கை மிக்க இடத்தில் பெருந்தன்மை குன்றும் என்றும் கருதுவோர் பலர். இக்கருத்துப் பொருந்துமா என்பதைக் கோல்ப் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்தல் தகும்.

கோல்ப் என்பது பரந்த புல்வெளியில் அமைந்த 18 குழிகளில் சிறு பந்தொன்றை மட்டையால் அடித்து வீழ்த்தும் ஆட்டம். குறைந்த அடிகளில் ஆடி முடிப்பவரே வென்றவர். ஆடுகளம் மிகப் பெரிதாதலின், ஒவ்வோர் அடியையும் நடுவர் அருகிருந்து காண்டல் அரிது. ஆகவே, ஆடுபவரின் மனச்சான்றே பெரும்பாலும் அங்கு நடுவர் ஆகும்.

பின்னாளில் வழக்கறிஞராக விளங்கிய பாபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர், இறுதிவரை அமெச்சூராகவே ஆடியவர். 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், அவர் அடிக்க முற்பட்டபோது பந்து சிறிதே அசைந்தது. அதனை வேறெவரும் கண்டிலர். ஆயினும், தம் கணக்கில் ஓர் அடியைத் தாமே கூட்டிக்கொண்டார். அவ்வோர் அடியால் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மீண்டும் நிகழ்ந்த ஆட்டத்தில் அவர் பட்டத்தை இழந்தார். இத்தகைய நேர்மை பொருள் கருதாதவர்க்கே கைகூடும் என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை.

அந்த ஜோன்சையே தம் வழிகாட்டியாகக் கொண்டு வளர்ந்தவர் ஜாக் நிக்லஸ். அவர் 1940-ஆம் ஆண்டு ஓஹியோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பிறந்தார். மருந்துக் கடை நடத்திய ஒருவரின் மைந்தர். 1926-இல் ஜோன்ஸ் பட்டம் வென்ற சையோட்டோ களத்திலேயே, பத்தாம் வயதில் ஜாக் கிரௌட் என்னும் ஆசிரியரிடம் ஆட்டம் பயிலத் தொடங்கினார். 1959-இலும் 1961-இலும் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்றார். இடையே 1960-இல், தொழில்முறை ஆட்டக்காரரும் கலந்துகொண்ட அமெரிக்க ஓப்பன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்.

ஜோன்சைப் போலவே தாமும் அமெச்சூராக இருந்துவிடலாம் என்று நிக்லஸ் எண்ணியதுண்டு. ஆயின், மனைவியையும் குழந்தையையும் காக்கும் கடமை அவருக்கு இருந்தது. காப்பீட்டுத் தொழிலும் ஆட்டமும் ஒருங்கு நடத்துதல் அரிதென உணர்ந்து, 1961-ஆம் ஆண்டின் இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அமெச்சூர் உலகின் முடிசூடிய மன்னருக்கு, 1962-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆடிய முதற்போட்டியில் கிடைத்த தொகை 33 டாலரும் 33 சென்டுமே. பழம்புகழ் புதிய களத்தில் செல்லாக் காசு என்பதை அத்தொகை உணர்த்தியது. அவரோ மனம் தளர்ந்திலர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் ஓக்மான்ட் களத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி நிகழ்ந்தது. மக்கள் உள்ளம் கவர்ந்த ஆர்னால்டு பாமரும் நிக்லசும் சமநிலை எய்தினர். பாமரின் ஊர் அண்மையில் இருந்தமையால், கூடியிருந்தோர் அவர் பக்கமே நின்று, இளைஞரான நிக்லசை எள்ளி நகையாடினர். நிக்லஸ் சினங்கொள்ளாது ஆட்டத்திலேயே கருத்தூன்றினார்; மறுநாள் 71 அடிகளில் ஆடி முடித்து, 74 அடிகள் ஆடிய பாமரை வென்றார். தொழில்முறையில் அவர் பெற்ற முதல் வெற்றி இதுவே.

புகழ் பெருகியபின் அவருடைய பண்பு எவ்வாறு இருந்தது? இதற்கு விடை 1969-ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்நாளில் அமெரிக்க அணியும் பிரிட்டன் அணியும் பொருதிவந்த ரைடர் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் ராயல் பர்க்டேல் களத்தில் நிகழ்ந்தது. இறுதி ஆட்டத்தில் நிக்லசும் டோனி ஜாக்லினும் எதிர்நின்றனர். கடைசிக் குழியில் நிக்லஸ் தம் பந்தை வீழ்த்திவிட்டார். ஜாக்லினின் பந்து குழிக்கு ஏறத்தாழ இரண்டடித் தொலைவில் நின்றது. அவர் தவறினால் அமெரிக்காவுக்கு முழுவெற்றி. தவறாவிடின் இரு நாடும் சமம். அத்தகைய நேரத்தில் இரண்டடித் தொலைவும் இருகாதத் தொலைவாகத் தோன்றும் அன்றோ? நிக்லஸ், எதிரியின் பந்து வீழ்ந்ததாகவே ஏற்றுக்கொண்டு கைகொடுத்தார். போட்டி 16-க்கு 16 எனச் சமமாயிற்று.

இச்செயலை அமெரிக்க அணித்தலைவர் சாம் ஸ்னீட் விரும்பிலர். அணியின் வெற்றியை ஒருவர் வழங்கிவிடலாமா என்பது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. கோப்பையை முன்னரே பெற்றிருந்த நாடு அமெரிக்கா ஆதலின், சமநிலையிலும் அஃது அந்நாட்டிடமே நிற்கும் என்பதை மறுப்போர் நினைத்தல் வேண்டும். நாட்டுக்குரிய கோப்பை இழக்கப்படவில்லை. ஒரு மனிதர் தம் நாட்டார் முன்னிலையில் நாணித் தலைகுனியும் நிலையே தவிர்க்கப்பட்டது.

அப்போட்டியில் பரிசுப்பணம் இல்லை. ஆதலின் விட்டுக்கொடுத்தல் எளிது எனச் சிலர் கூறலாம். அவர்க்கு 1977-ஆம் ஆண்டு விடை கூறும். ஸ்காட்லாந்தின் டர்ன்பெரி களத்தில், பரிசுப்பணமும் பெரும்பட்டமும் உடைய பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், இளையவரான டாம் வாட்சனிடம் ஓரடி வேறுபாட்டில் நிக்லஸ் தோற்றார். தோற்றவர் முகஞ்சுளியாது வென்றவரின் தோள்மீது கைபோட்டு உடன் நடந்து சென்றார்.

தொழில்முறையில் அவர் வென்ற பெரும்பட்டங்கள் 18. அமெச்சூராக 1960-இல் பெற்றதையும் சேர்த்து, இரண்டாம் இடம் பெற்றவை 19. புகழின் உச்சியில் நின்ற நாளிலும், ஆண்டுதோறும் தம் ஆசிரியரிடம் சென்று அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்தே செய்துவந்தார். அவர் காலம் முடிந்தது என்று பலர் கருதிய 1986-ஆம் ஆண்டில், 46-ஆம் வயதில், மாஸ்டர்ஸ் பட்டத்தை ஆறாம் முறையாக வென்றார். அன்று அவருடைய மட்டைகளைச் சுமந்து உடன் நடந்தவர் அவர் மகனே.

தொழிலால் பொருள் ஈட்டுதல் இழிவன்று. பொருளைத் தொட்டவுடன் பண்பு கெடும் எனின், அப்பண்பு முன்னரே உறுதியற்றிருந்தது என்பதே உண்மை. ஜோன்ஸ் பொருள் பெறாது நேர்மை காத்தார்; நிக்லஸ் பொருள் பெற்றும் பெருந்தன்மை காத்தார். தனக்குரிய உழைப்பின் ஊதியத்தைத் தயங்காது பெறுதலும், பிறர்க்குரிய மதிப்பைத் தயங்காது தருதலும் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்கக்கூடும். எத்தொழில் புரிவாரும் மனத்திற் கொள்ளத்தக்கது இதுவே.