குழலை மாற்றுவதற்கு முன்

பென்ஸில்வேனியா மாகாணத்தின் வடபகுதியில் என் மகள் குடியிருக்கும் சிற்றூரில், தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றித் திருநாள் கழிந்த கையோடு மான் வேட்டைப் பருவம் பிறந்துவிடுகிறது; நெடுங்காலம் அத்திருநாளை அடுத்த திங்கட்கிழமையே வேட்டைக்கு முதல் நாளாக இருந்ததென்றும், அன்று பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள் என்றும், 2019-ஆம் வருஷம் அது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டதில் பழையவர்கள் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டென்றும் அங்கே போனபின்தான் தெரிந்துகொண்டேன். வேட்டையென்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் தேசத்தில் முடிந்துபோன விருத்தாந்தம் என்று எண்ணிப் பழகிய நான், ஆயுளில் ஆயுதம் எதையும் தொட்டறியாதவன், போதாக்குறைக்குச் சுத்த சைவன். ஆயினும் சென்ற குளிர்காலத்தில் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியின் குழலை மாற்றுவதா வேண்டாமா என்ற விவகாரத்தில் அபிப்பிராயம் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் எனக்கு நேர்ந்தது. கேட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். மரியாதைக்குத்தான் கேட்டார் என்பது விளங்காமலில்லை. என்றாலும் கேட்டபிறகு யோசிக்காமலிருக்க முடியவில்லை, யோசித்து முடிந்ததை மனத்திலேயே வைத்துக்கொள்ளும் சுபாவமும் எனக்கில்லை.

துப்பாக்கி அவருடைய தகப்பனாருடையது. அமெரிக்கச் சேனைக்காக ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் செய்யப்பட்ட 1903 மாடல் ரைபிள். முதல் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில் பிறந்தது. இரண்டாம் யுத்தம் முடிந்து, சேனையின் பழைய சரக்கெல்லாம் சல்லிசாக விலைக்கு வந்த நாளில் அதை வாங்கிய தகப்பனார், அக்காலத்து வழக்கப்படியே, முன்புறம் நீண்டிருந்த சிப்பாய்க் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வால்நட் மரத்தில் தம் கையாலேயே வேறொரு கட்டை செதுக்கிப் பொருத்தி, தொலைநோக்கி பூட்டுவதற்கென்று எஃகிலே துளைகளும் போட்டு, முப்பது வருஷம் அதைக் கொண்டு மான் சுட்டார். அவர் ஒருவர் மட்டுமல்ல. ஸ்பிரிங்ஃபீல்டும் ஜெர்மானிய மௌஸரும் ஆங்கிலேய லீ-என்ஃபீல்டும் தபாலிலேயே வரவழைக்கக்கூடிய சரக்காக இருந்து, 1968-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்குத் தடை போடும் வரையில், ஒரு தலைமுறையே கொட்டகைகளில் உட்கார்ந்து அறுத்தும் துளைத்தும் சேனைத் துப்பாக்கிகளை வேட்டைத் துப்பாக்கிகளாக்கிக்கொண்டிருந்தது. இன்றோ, கை படாமல் தப்பிய துப்பாக்கிக்குத்தான் மதிப்பு. துளை போட்டதற்கு அதில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. அன்று எறிந்த கட்டையைப் பிள்ளைகள் இன்று பழைய சாமான் சந்தைகளில் தேடி அலைகிறார்கள்.

இந்த விருத்தாந்தத்தை நன்றாக அறிந்த குடும்பத்திலேயே மூன்று கட்சிகள் இருந்தன. துப்பாக்கி முன்போலக் குறி தவறாமல் சுடவில்லை. 100 கஜ தூரத்தில் ஐந்து முறை சுட்டால் ஐந்து அங்குலப் பரப்பில் சிதறுகிறது. ஆகவே குழலை மட்டும் மாற்றிவிடலாம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணம். பேரனுக்கு அது போதாது: 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு ஏற்ற குழல், மழையில் ஊறாத செயற்கைக் கட்டை, புதிய விசை, நுனியில் சப்தத்தை அடக்கும் கருவி பூட்ட மரை என்று அவன் போட்ட ஜாபிதாவில், தாத்தாவின் துப்பாக்கி என்று சொல்ல மிஞ்சியது நடுவிலிருந்த ஒரு சாண் எஃகுதான். சுவரில் மாட்டிவைத்துவிடலாம் என்பது வீட்டு அம்மாளின் கட்சி. அதற்கு ஒரு வோட்டுத்தான் விழுந்தது.

மலையடிவாரத்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் இவர்களோடு நானும் போனேன். மனிதர் அதிகம் பேசவில்லை. தோட்டா உள்ளே இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, போல்ட்டை உருவி வைத்துவிட்டு, வயிற்று வைத்தியர் குழாய் விட்டுப் பார்ப்பதுபோல், நுனியில் காமிரா பொருத்திய மெல்லிய கம்பியொன்றைக் குழலுக்குள் செலுத்தி, பக்கத்துத் திரையில் அதன் அந்தரங்கத்தைக் காண்பித்தார். குண்டு சுழன்று செல்வதற்காக வெட்டியிருந்த சுழல்வரிகள் நுனிப் பக்கத்தில் தெளிவாகவே இருந்தன. தோட்டா அமரும் அறையை ஒட்டிய இடத்தில் மட்டும், கோடையில் வற்றிய ஏரியின் அடிமண் வெடித்துக் கிடப்பதுபோல் எஃகு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அது வெடிமருந்தின் உஷ்ணம் செய்த வேலை. அதற்கப்பால், அம்மைத் தழும்புபோலத் தெரிந்த கரும்புள்ளிகள் உப்பு செய்த வேலை என்றார். பழைய சேனைத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்ந்திருந்தது. வெடித்தபின் அது நம் சமையலறை உப்புக்கு உறவான ஒரு உப்பாகக் குழலில் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் துருவேற்றும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சேனையிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று நம்பிய வேட்டைக்காரர்கள் எத்தனையோ நல்ல குழல்களை நாசமாக்கினார்கள்.

அன்று கற்றுக்கொண்டதில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, துப்பாக்கி சரியாகச் சுடாவிட்டால் குற்றம் குழலுடையதாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்ற விஷயம். தொலைநோக்கியைத் தாங்கும் திருகு ஒன்று தளர்ந்திருக்கலாம்; கட்டையையும் எஃகையும் பிணைக்கும் திருகுகள் நெகிழ்ந்திருக்கலாம்; ஈரத்தில் உப்பிய மரம் குழலின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம்; குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் நுனியின் விளிம்பில் மயிரிழையளவு நசுங்கல் இருந்தாலும் போதும். கம்மியர் குழலுக்குள் செம்பைக் கரைக்கும் திராவகத்தை விட்டு இரவு முழுவதும் ஊறவைத்துத் துணித்துண்டால் துடைத்தபோது, அது மயிற்கழுத்து நீலமாக வெளியே வந்தது. அத்தனையும் குண்டுகளின் மேலுறையிலிருந்து வருஷக்கணக்காக ஒட்டிச் சேர்ந்த செம்பு. மூன்று நாள் இப்படித் துடைத்து, நுனி விளிம்பை ஒரு மெல்லிய சீவல் சீவி, திருகுகளை முடுக்கியபின், ஐந்து அங்குலம் மூன்று அங்குலமாகச் சுருங்கியது.

மூன்று அங்குலம் போதுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. பந்தயத்தில் சுடுபவனுக்கு அது அவமானம். வயோமிங் வெட்டவெளியில் 300 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மிருகத்தைச் சுடுபவனுக்கு அது பாவம். காயம்பட்டு ஓடும் மானைவிடத் தப்பி ஓடும் மான் மேல். ஆனால் பென்ஸில்வேனியாவின் ஓக் காடுகளில் மரங்களுக்கிடையே 100 கஜம் பார்வை செல்வதே அரிது. மானின் நெஞ்சுப் பகுதியோ சுமார் எட்டு அங்குல வட்டம். இந்த மனிதர் வருஷத்துக்கு இருபது தோட்டாவுக்கு மேல் செலவழிப்பதில்லை. இந்தத் துப்பாக்கிக்குரிய .30-06 தோட்டாவுக்கான குழல் சில ஆயிரம் முறை சுடத் தாங்கும் என்பது தொழிலறிந்தவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் வேட்டைக்காரன் குழலைச் சுட்டுத் தேய்த்தழிக்க ஒரு ஆயுள் போதாது. அவன் துப்பாக்கிகள் பெரும்பாலும் உபயோகத்தால் சாவதில்லை, அசிரத்தையால் சாகின்றன. அசிரத்தையைப் புதிய குழல் குணப்படுத்துமா?

குழல் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியது குழலையல்ல, அது திருகப்பட்டிருக்கும் எஃகுக் கூட்டை. ரிசீவர் என்கிறார்களே, அதை. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் 1918-ஆம் வருஷம் வரையில், உலையில் காய்ந்த எஃகின் பதத்தை அனுபவசாலியான கொல்லர்கள் கண்ணாலேயே, நிறத்தைக் கொண்டே, நிர்ணயித்தார்கள். மேகம் மூடிய நாளில் ஒரு நிறமாகவும் வெயில் எரிக்கும் நாளில் வேறு நிறமாகவும் தோன்றும் என்பதை ஒருவரும் கருதவில்லை. 1917-இல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய பிறகு உஷ்ணமானி வைத்துப் பார்த்தால், கிழவர்கள் சரியென்று சொன்ன சூடு வேண்டியதைவிட 300 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறியிருந்ததாம். அப்படி வெந்து நொறுங்கும் தன்மையடைந்த துப்பாக்கிகள் எவையென்று இன்று பிரித்துச் சொல்ல முடியாததால், அந்த ஆயுதசாலையின் 8 லட்சத்துக்குக் குறைந்த இலக்கமுள்ளவற்றுக்குப் புதுக் குழல் போடவே நல்ல கம்மியர்கள் சம்மதிப்பதில்லை. நம் பக்கத்து வீட்டுக்காரருடையது அந்த எல்லையைத் தாண்டியது. தகப்பனார் அதைப் பார்த்து வாங்கினாரோ, அதிர்ஷ்டமோ.

கூடு நல்லதென்றால் குழலை மாற்றுவதில் தோஷம் ஒன்றுமில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பென்ஸில்வேனியாவின் லாங்காஸ்டர் வட்டாரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர்கள் செய்த நீண்ட ரைபிள்களின் குழல், மெத்தென்ற இரும்பாலானது. சுழல்வரிகள் தேய்ந்ததும் அதைக் கம்மியரிடம் கொண்டுபோனால், வரிகளைச் சற்று ஆழமாகவும் அகலமாகவும் புதிதாக வெட்டி, பெரிதான துளைக்கு ஏற்ற குண்டு வார்க்கும் அச்சையும் செய்து கொடுத்தனுப்புவார். அந்த முறை இன்றும் வேறு உருவில் ஜீவித்திருக்கிறது: தேய்ந்த .30-06 குழலைத் துளையிட்டுப் பெரிதாக்கி, 1922-இல் உண்டான .35 வீலன் தோட்டாவுக்கு அமைத்துக்கொள்ளலாம். குழலின் மேற்புறமும் அதிலுள்ள முத்திரைகளும் அப்படியே இருக்கும். புதுக் குழலேதான் வேண்டுமென்றாலும் அதே தோட்டாவுக்கு, அதே நீளத்தில், அதே பருமனில் போட்டால் பழைய கட்டையில் அலுங்காமல் படியும். செலவைப் பார்த்தால் மட்டும் மூச்சு முட்டும். குழலும் கூலியுமாகச் சேர்ந்து, கடையில் ஒரு சாதாரணப் புது ரைபிளின் விலையையே தாண்டிவிடுகிறது. இங்கிலாந்தில் லண்டனிலோ 1813 முதல் இருக்கும் பர்மிங்காம் பரிசோதனை நிலையத்திலோ மிகை அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதித்து முத்திரை வாங்காமல் அப்படிக் குழல் மாற்றிய துப்பாக்கியை விற்கக்கூடாது. அமெரிக்காவில் அத்தகைய சட்டமில்லை. எல்லாம் கம்மியரின் மனச்சாட்சியையும், போல்ட் ஒன்றின் மேல் மூடவேண்டும் மற்றொன்றின் மேல் மூடக்கூடாது என்று அவர் வைத்துப் பார்க்கும் இரண்டு சிறு அளவு உருளைகளையும் பொறுத்தது.

பேரனுடைய ஜாபிதாவோடுதான் எனக்கு வழக்கு. வீணைக்கு மெழுகு உருக்கி மெட்டுக்களைச் சில வருஷத்துக்கொருமுறை புதிதாக அமைக்கிறார்கள். அதனால் வீணை வேறாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பலாமரக் குடத்தை எறிந்துவிட்டுப் பைபர் குடம் பொருத்தினால் சொல்வார்கள். தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பை மாற்றுவது ஜீர்ணோத்தாரணம். தேயாததை மாற்றுவதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு மாகாண லெப்டினென்ட் கவர்னர் பரிசளித்த .275 ரிக்பி ரைபிளின் மரக் கட்டையில், அந்தச் செய்தியைப் பொறித்த வெள்ளித் தகடு பதித்திருக்கிறது. கட்டை போனால் தகடும் போயிருக்கும். எல்லார் துப்பாக்கியும் கார்பெட்டின் துப்பாக்கியல்லவே என்று பேரன் நியாயமாகவே கேட்டான். அவனுக்குக் கிரீட்மோர் வேண்டுமானால் கடையில் புதிதாகவே கிடைக்கிறது, இதன் கூட்டை அறுப்பதைவிடச் செலவும் குறைவு, 85 மில்லிமீட்டர் நீளத் தோட்டாவுக்காகச் செய்த இந்தப் பெட்டியில் குட்டைத் தோட்டா சிக்காமல் ஏறுவதற்குத் தனியாக வேலை செய்யவும் வேண்டாம் என்று கம்மியர் அவனுக்குப் பதில் சொன்னார். நான் சொல்ல நினைத்ததைவிட அது பையனுக்கு நன்றாக உறைத்தது.

குழல் இப்போதைக்கு மாறவில்லை. கம்மியர் அதன் முன்குறிக்குப் பின்னால் துணியால் துடைத்து எனக்குக் காண்பித்தார்: எஸ்.ஏ. என்ற இரண்டு எழுத்து, சுடர் விடும் குண்டு ஒன்றின் சிறு உருவம், அதன் கீழே 10-18. 1918 அக்டோபர், யுத்தம் ஓய்ந்தது நவம்பரில். என்றைக்காவது இதைக் கழற்ற நேர்ந்தால் கிரீஸ் பூசித் துணியில் சுற்றித் துப்பாக்கியோடேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் தலையசைத்தார். திரும்பும்போது பட்டறையின் பின்புறம் பனி மூடிய காய்கறித் தோட்டம் ஒன்று கண்ணில் பட்டது. கழற்றிப்போட்ட பழைய குழல்களை வரிசையாக ஊன்றி, தக்காளிச் செடிகளுக்குக் கொழுகொம்பாக வைத்திருந்தார். காய்ந்த தண்டுகள் இன்னும் அவற்றில் கட்டியபடியே இருந்தன. குனிந்து ஒன்றில் தேதியைத் தேடினேன். மண்ணுக்குமேல் ஒரு முழம் வரையில் துரு ஏறியிருந்தது, எழுத்து ஒன்றும் புலப்படவில்லை.