கடல் கடந்த ஆட்டங்கள்

திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால், துறைமுகம் புகக் காத்திருக்கும் கப்பல்கள் தொலைவில் தோன்றும். தெற்கே இராயபுரத்தை நோக்கியும் வடக்கே எண்ணூரை நோக்கியும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். சரக்கு மட்டுமோ கடல் கடக்கிறது? சொல்லும் கடக்கிறது, கதையும் கடக்கிறது, சிறுவர் ஆடும் ஆட்டமுங்கூடக் கடக்கிறது. பெட்டியில் இட்ட சரக்கு ஏற்றியவாறே இறங்கும். ஆட்டமோ அவ்வாறு இறங்குவதில்லை. புகுந்த நாட்டின் உடையை அது உடுத்துக்கொள்கிறது. சிற்சில வேளைகளில் தன் உயிரையே மாற்றிக்கொள்கிறது. இம்மாற்றம் தக்கதா, தகாததா என்பதே ஈண்டு நாம் ஆராயப்போகும் பொருள்.

முதற்கண் நம் வீட்டு ஆட்டம் ஒன்றைக் காண்போம். என் இளமையில், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்கும் பொருட்டு, என் பாட்டியார் பரமபதப் படத்தை விரிப்பார். தாயக்கட்டை உருளும்; காய் ஏறும்; இறங்கும். அப்படத்தில் ஏணி என்பது நற்குணம். பாம்பு என்பது தீக்குணம். என் காய் பாம்பின் வாயில் வீழ்ந்தால், "இது பொறாமை என்னும் பாம்பு. நேற்றுத் தம்பியின் பம்பரத்தை ஒளித்துவைத்தாய் அல்லவா?" என்று பாட்டியார் சிரிப்பார். நான் தலைகுனிவேன். பழைய படங்கள் பலவற்றில் ஏணிகளைக் காட்டிலும் பாம்புகள் மிகுதி. உச்சியில் உள்ள பரமபதத்தை அடைதல் எளிதன்று என்பதே அவ்வாட்டம் புகட்டிய பாடம்.

இவ்வாட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் 'பாம்பும் ஏணியும்' என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அங்கே பாம்பும் ஏணியும் ஒத்த எண்ணிக்கை பெற்றன. சிக்கனமும் உழைப்பும் ஏணிகளாயின. சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்புகளாயின. பரமபதம் இருந்த இடத்தில் உலகியல் வெற்றி வந்து அமர்ந்தது. காலப்போக்கில் அப்பெயர்களும் உதிர்ந்தன. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளையே நீக்கிவிட்டுச் சறுக்குமரங்களை அமைத்தது.

மாறிய அவ்வாட்டம் மீண்டும் நம் கரைக்கே வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தேரடிக் கடையொன்றில் என் பேரனுக்கு ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தேன். அவன் காய் பாம்பின் வாயில் வீழ்ந்ததும், "தாத்தா, இந்தப் பாம்பு ஏன் கடிக்கிறது?" என்று வினவினான். அட்டையை நோக்கினேன். 1 முதல் 100 வரை எண்கள் இருந்தன, விடை இல்லை. என் பாட்டியாரோடு பேசிய ஆட்டம் என் பேரனிடம் ஊமையாகி நின்றது.

அப்பேரன் இன்று வளர்ந்துவிட்டான். கையடக்கத் திரையில் ஜப்பானியக் கதை விளையாட்டுகளை ஆடுகிறான். ஆடுபவனே கதைமாந்தனாகி, நாடு நகரம் சுற்றி, துணைவரைச் சேர்த்துப் பகைவெல்லும் வீடியோ விளையாட்டுகள் அவை. ஜப்பானில் பிறந்த அவையும் மேலைநாடு புகுந்தபோது மாறியே புகுந்தன. 1986இல் அங்கே வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்', 1989இல் அமெரிக்காவில் 'டிராகன் வாரியர்' எனப் பெயர் மாறியது. முன்னைய பெயரை அங்கே வேறோர் ஆட்டம் கொண்டிருந்தமையே காரணம். அதன் மாந்தர் பழங்கால ஆங்கிலம் பேசலாயினர். அத்தொடரின் பிற்பட்ட ஆட்டங்களில், சமய அடையாளங்களை நீக்கும் நெறியால் சிலுவைகள் மறைந்தன. வழிபாட்டு இல்லம் மருத்துவ இல்லமாயிற்று.

1994இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டசி' ஆறாம் பகுதியின் தலைவி ஜப்பானில் டீனா, அமெரிக்காவிலோ டெர்ரா. ஜப்பானியச் செவிக்குப் புதுமையாக ஒலித்த டீனா என்னும் பெயர், அமெரிக்கருக்கு அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயராக இருந்தது. புதுமையைக் காத்தற்பொருட்டுப் பெயரை மாற்றினர். இது போற்றத்தக்க மாற்றம். சொல் மாறியது, பயன் மாறவில்லை.

2001இல் வந்த பத்தாம் பகுதியின் இறுதிக்காட்சி இன்னும் நுண்ணியது. மறைந்து செல்லும் தலைவனிடம் தலைவி யூனா 'அரிகாதோ' என்கிறாள்; நன்றி என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அவள் 'உன்னை நேசிக்கிறேன்' என்கிறாள். அம்மொழிபெயர்ப்பாளரைக் கடிந்துரைக்க யான் துணியேன். ஆங்கிலத்தில் அவ்விடத்து வெறும் நன்றி, கடைக்காரரிடம் சில்லறை பெற்றவர் கூறும் சொல்போல் ஒலித்திருக்கும். ஆயினும், சொல்லாமல் நின்ற அன்பு சொல்லப்பட்டுவிட்டது. அந்த அடக்கத்தின் அழகு போயிற்று.

இங்கேதான் தமிழ் மாணவர் கருத்தூன்ற வேண்டும். தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வெளிப்படக் கூறாமை நம் அகப்பொருள் மரபு. செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தமையால், நன்றி என்னும் சொல் நம்மிடையே கனம் உடையது. யூனாவின் சொல்லைத் தமிழில் 'நன்றி' என்றே வைக்கலாம். அதன் ஆழம் குறையாது. அண்ணனுக்கு ஒரு சொல்லும் தம்பிக்கு ஒரு சொல்லும் ஜப்பானியத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. ஆங்கிலமோ 'பிரதர்' என ஒரே சொல்லால் இருவரையும் சுட்டிவிடும். ஆங்கிலத்தின் வழியாகவே அக்கதைகளைப் பெறுவோமாயின், அங்கே உதிர்ந்ததை நாம் எங்கே தேடுவது? கிணறு அருகிருக்க, பிறர் குடத்து நீருக்குக் காத்து நிற்பதை ஒக்கும் அது.

"எதனையும் மாற்றலாகாது, உள்ளவாறே தருக" என்பாரும் உளர். அவர் கூற்று முற்றும் பொருந்தாது. மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியர் வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்தார். நூல் என்று பெயர் பெற்றபின் அது வெறும் நகல் ஆகாது. இராவணன் சீதையைத் தீண்டி எடுத்துச் சென்றதாக வான்மீகியார் பாடினார். கம்பரோ அவளைத் தீண்டாமல், குடிசையோடு நிலத்தையும் பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். தமிழ் மக்களின் நெஞ்சறிந்து செய்த மாற்றம் அது. ஆனால் கம்பர் தம் முதல்நூலை மறைத்தாரல்லர். வான்மீகியார் வழியையே பின்பற்றுவதாகத் தம் காப்பியத்திலேயே உரைத்தார்.

ஆகவே என் கருத்து இது: உடையை மாற்றலாம், ஊர் வழக்கிற்கேற்பப் பெயரையும் மாற்றலாம். உயிர்நிலை எதுவென்று அறியாமல் மாற்றுதல் பிழை. மாற்றியதை மறைத்தல் அதனினும் பெரும்பிழை. பரமபதத்திற்கு நேர்ந்த குறை அது பாம்பும் ஏணியும் ஆனதன்று. எங்குப் பிறந்தது, எதற்குப் பிறந்தது என்பதை அதனை ஆடுவோர் மறந்துபோனதே ஆகும். அம்மறதியில் நமக்கும் பங்கு உண்டு. விற்றவன் மட்டுமா மறந்தான்? வாங்கிய நாமும் வினவவில்லையே!

மாணவர்களே, நீங்கள் ஆடும் ஆட்டம் எந்நாட்டினதாயினும் அதன் பிறப்பிடத்தைக் கேட்டறியுங்கள். தமிழை ஐயமறக் கற்று, அதனோடு அயல்மொழி ஒன்றையும் வேர்வரை கற்றுக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் உழைப்பாளர் நிறைந்த ஊர் நம் ஊர். அவ்வாறே அயல்நாட்டுக் கதைகளை அடிபடாமல் தமிழ்க் கரையில் இறக்கவும் வல்லவர் நம் ஊரிலிருந்து தோன்றுதல் வேண்டும். வரும் ஏகாதசி இரவில் யான் பழைய பரமபதப் படத்தை விரிக்கவிருக்கிறேன். பாம்பு ஏன் கடிக்கிறது என்று பேரன் கேட்ட வினாவிற்கு இன்னும் நான் விடை கூறவில்லை.