கழற்றிப் போட்ட துப்பாக்கியும் கிழிந்த நோட்டும்

ஒரு ரைபிளை முழுசாகக் கழற்றி மேஜை மேல் பரப்பி வைத்தால், அதில் எந்தத் துண்டு துப்பாக்கி? குழலா, போல்ட்டா, விசையா, மரக்கட்டையா? கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் இதற்கு ஒவ்வொரு நாடும் சட்டத்தில் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பதிலைப் பொறுத்து ஒருத்தருக்கு அது பொழுதுபோக்கு, இன்னொருத்தருக்கு ஜெயில்.

அமெரிக்காவில் அது பொழுதுபோக்கு. ‘பார்ட்ஸ் கிட்’ என்பார்கள். ஏதோ ஒரு நாட்டு ராணுவம் கழித்துக்கட்டிய ரைபிள்களை மொத்தமாக வாங்கி, ‘ரிசீவர்’ எனப்படும் நடு உடம்பை மட்டும் டார்ச்சால் அறுத்துப் போட்டுவிட்டு, மீதியைப் பெட்டியில் கட்டி விற்பார்கள். 1968ல் வந்த அவர்கள் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி. மற்றதெல்லாம் உதிரிபாகம். ருமேனியா, யூகோஸ்லாவியா என்று பனிப்போர் முடிந்த நாடுகளிலிருந்து இப்படி வந்து இறங்கியவை ஏராளம். 2005ல் அந்தக் கிட்டோடு குழல் வரக்கூடாது என்று இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். மிச்சம் இன்றும் ஓடுகிறது.

வாங்குபவர்கள் எல்லோரும் சுட்டுத் தள்ளுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் தொழிற்சாலை முத்திரை, எந்த வருஷம், போல்ட்டில் இருக்கும் நம்பரும் உடம்பில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆட்கள் அவர்களில் நிறைய. வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி முத்திரை விழுந்த நம்ம ஊர் 303க்கும், அதே வடிவத்தில் 1960களில் செய்த 7.62 ரைபிளுக்கும் அங்கே தனி ரசிகர்கள் உண்டு. தபால்தலை சேர்க்கிற புத்திதான், என்ன, கொஞ்சம் கனமான தபால்தலை :-)

எனக்கு அந்த ஆசை புரிகிறது. கல்லூரியில் பி.காம் படிக்கும்போது என்.சி.சி.யில் கையில் கொடுத்தது 303தான். ‘டி.பி.’ என்று முத்திரை குத்தி, சுட முடியாதபடி ஆக்கிய டிரில் ரைபிள். ஹவில்தார் அதைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் காட்டியபோது, வணிகவியல் வகுப்பில் வராத கவனம் எனக்கு அங்கே வந்தது. ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் அது. அதில் ரத்தவெறி ஒன்றும் கிடையாது.

சரி, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஆயுதம் என்பதற்கு விளக்கம் கொடுக்கும் இடத்திலேயே ‘அதன் பாகங்களும்’ என்று சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் ஒரே ஒரு துண்டுதான் துப்பாக்கி. இங்கே எல்லாத் துண்டும் துப்பாக்கி. ஆனாலும் 45வது பிரிவில் இரண்டு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள். பழைய மாதிரி ஆயுதமாகவோ, பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்றால் சட்டம் அதைத் தொடாது. அதேபோல, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் சின்னச் சின்ன பாகங்களை வைத்திருந்தாலும் தொடாது.

எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் கிழிந்த நோட்டு. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், கொண்டுவரும் துண்டு எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். நாற்பதிலிருந்து எண்பது வரை பாதிப் பணம். நாற்பதுக்குக் கீழே வெறும் காகிதம். எவ்வளவு துண்டு நோட்டு, எவ்வளவு துண்டு குப்பை என்று ரிசர்வ் வங்கி அளந்து சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் இருக்கும் பையனுக்குக் குழப்பம் இல்லை, கஸ்டமருக்கும் பயம் இல்லை. துப்பாக்கித் துண்டுக்கு அப்படி ஒரு அளவுகோல் நம்மிடம் இல்லை. ‘எண்ணம்’ என்ன என்பதை எந்த ஸ்கேல் வைத்து அளப்பது?

இதைச் சொன்னதும், அமெரிக்கா மாதிரி இங்கேயும் திறந்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இல்லவே இல்லை. காரணம் ஜபல்பூர்.

2018ல் பீகாரின் முங்கேரில் ஒன்றன் பின் ஒன்றாக ஏ.கே. 47கள் பிடிபட்டன. ஒரு கிராமத்துக் கிணற்றுக்குள்ளிருந்துகூட எடுத்தார்கள். நூல் பிடித்துப் போனால், அது மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் இருக்கும் ராணுவ ஆயுதக் கிடங்கில் போய் நின்றது. கழித்துக்கட்ட ஒதுக்கிய ரைபிள்களின் பாகங்களை வெளியே கடத்தி, ஆயுதம் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் வைத்து மறுபடி முழு ரைபிளாகக் கோத்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. இப்படிப் போனவை அறுபதுக்கும் மேல் என்று அப்போது போலீஸ் தரப்பில் சொன்னார்கள். பிறகு வழக்கு என்.ஐ.ஏ. கைக்குப் போனது.

அங்கே வாங்கியவர்கள் யாரும் முத்திரை பார்த்து ரசிக்கிற ஆசாமிகள் இல்லை. ஆக, ‘பாகமும் ஆயுதம்தான்’ என்று 1959லேயே எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவும் மெதுவாக அந்தப் பக்கம் நகர்கிறது. வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் புது ரக கிட்டுகளையும் துப்பாக்கியாகவே கருதலாம் என்ற 2022ம் வருஷத்து விதியை, 2025 மார்ச்சில் அவர்கள் உச்ச நீதிமன்றமே சரி என்றது.

ஆனால் ஜபல்பூர் இன்னொன்றையும் சொல்கிறது. ஓட்டை இருந்தது சேகரிப்பாளனின் அலமாரியில் இல்லை, அரசாங்கக் கிடங்கில். பழைய நோட்டை நாங்கள் எப்படி அனுப்புகிறோம்? கரன்சி செஸ்ட்டைத் திறக்க இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவி. எண்ணி, கட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ரிசர்வ் வங்கியில் மிஷின் மறுபடி எண்ணித் தூளாக்குகிறது. செத்த நோட்டுக்கும் கடைசி நிமிஷம் வரை கணக்கு உண்டு. செத்த ரைபிளுக்கு அந்தக் கணக்கு முழு ரைபிள் என்று எண்ணுவதோடு நிற்கக்கூடாது. போல்ட்டுக்கும் குழலுக்கும் தனித்தனியாக வேண்டும். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு 303க்கு விடை கொடுத்தது. நாடு முழுக்க இப்படிப் பழசாகிப் போகும் ரைபிள் ஒவ்வொன்றையும் பாகம் பாகமாக எண்ணி முடிப்பதுதான் உண்மையான கட்டுப்பாடு.

இப்போது கராச்சர்மாவுக்கு வருகிறேன். நான் இருக்கும் இந்த ஊர், 2024 வரை போர்ட் பிளேர் என்றும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் சொல்லப்படும் தலைநகரின் தெற்கு ஓரம். 1942 மார்ச் 23ல் ஜப்பான்காரன் இறங்கிய தீவு இது. 1944 ஜனவரி 30ல் ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை நிற்க வைத்துச் சுட்டுப் புதைத்தார்கள். 1945 அக்டோபரில் ஜிம்கானா மைதானத்தில் சரணடைந்தார்கள். கார்பின்ஸ் கோவ் போகும் கடலோரச் சாலையில் அவர்கள் கட்டிய பங்கர்களை இன்றும் பார்க்கலாம். மண்ணைத் தோண்டினால் அந்தக் காலத்து இரும்பு ஏதாவது வருவது இங்கே அதிசயம் இல்லை.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். அஸ்திவாரம் தோண்டியபோது துருவேறிய குழலும், கூடவே போல்ட் மாதிரி ஒன்றும் கிடைத்ததாம். “சார், ஜப்பான்காரன் சாமான் மாதிரி இருக்கு. யார்கிட்ட கொடுக்குறது?” என்று கேட்டார். “போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுங்கண்ணே, மியூசியத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றேன். அடுத்த வாரம் வந்தபோது விசாரித்தேன். ஒரு அலுவலகத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டிருக்கிறார். “ஏன் வம்பு, வேலை நின்னு போகும்” என்று அங்கேயே புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்கள். “கழிமுகத்துல போட்டுட்டேன் சார்” என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? கூலி ஆட்களுக்குத் தினம் சம்பளம் கொடுக்க வேண்டியவர்.

ஜப்பானிய அரிசாகா ரைபிளின் மேல் அரச முத்திரையாகப் பதினாறு இதழ் சாமந்திப்பூ இருக்கும். சரணடைந்து ஒப்படைத்த பல ரைபிள்களில் அதை அரத்தால் ராவி எடுத்திருப்பார்கள். பூ இருக்கிறதா, ராவியிருக்கிறதா என்பதிலேயே ஒரு கதை இருக்கிறது. எங்கள் கழிமுகத்தில் கிடப்பது எந்தக் கதை என்று இனி யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு கூத்து. 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருளுக்கு நூறு வயதாக வேண்டும். போர்க்காலத்தில் செய்த சாமானுக்கு அந்த வயது 2040களில்தான் வரும். அதுவரை அது ஆயுதச் சட்டத்துக்கு ஆயுதம், தொல்பொருள் சட்டத்துக்குப் பச்சைப்பிள்ளை. இந்தத் தீவின் உப்புக்காற்றில் அதுவரை இரும்பு தாங்குமா?

என் கருத்து இவ்வளவுதான்.

1. தனியார் கையில் பார்ட்ஸ் கிட் வேண்டாம். சட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும்.

2. அரசு கழிக்கும் ஒவ்வொரு ரைபிளும் பாகம் பாகமாக, இரண்டு கையெழுத்தோடு கணக்கு முடியட்டும்.

3. எல்லாவற்றையும் உருக்க வேண்டாம். டிரில் ரைபிளைச் சுட முடியாமல் ஆக்கத் தெரிந்த அரசுக்கு, கொஞ்சத்தைக் குறுக்கே அறுத்து உள்வேலை தெரிகிற மாதிரி பள்ளிக்கும் மியூசியத்துக்கும் கொடுக்க முடியாதா? அதற்குத்தான் 45வது பிரிவே வழி வைத்திருக்கிறதே.

4. மண்ணில் கண்டெடுத்ததை ஒப்படைக்க ஒரே ஒரு மேஜை, ஒரு ரசீது, ‘உங்கள் மேல் வழக்கு இல்லை’ என்று ஒரு வரி. மியூசியத்தில் வைத்தால் கண்டெடுத்தவர் பெயரோடு வைக்கட்டும்.

கிழிந்த நோட்டைக் கொண்டு வருகிறவனைக் கள்ளநோட்டுக்காரன் மாதிரி பார்த்தால் யார் வங்கிக்கு வருவார்கள்? அடுப்பில்தான் போடுவார்கள். இந்தத் தீவில் சரித்திரத்துக்கு இப்போது அதுதான் நடக்கிறது.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. தோண்டும்போது இரும்பு ஏதாவது கிடைத்தால், முக்கியமாக உருளையாகவோ உருண்டையாகவோ இருந்தால், கையால் தொடாதீர்கள். எண்பது வருஷம் கழித்தும் குண்டு வெடிக்கும். தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.